டி சிகாவின் 'சன்ஃப்ளவர்': அந்தக் கட்டிலில் இருந்த இரண்டு தலையணைகள்

'பைசிக்கிள் தீவ்ஸ்' எடுத்த இத்தாலிய இயக்குநர் விட்டோரியோ டி சிகா, கடைசிக் காலத்தில் 'சன்ஃப்ளவர்' போன்ற ஓர் அழுகைப் படத்தை ஏன் எடுத்தார், அது அவருடைய சரிவுதானே, அதற்கு ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தாராளமாக ஒதுக்கலாம். சரிவு என்ற பேச்சை மட்டும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. பல திரைப்பட நூல்கள் டி சிகாவை 1952-ஆம் ஆண்டோடு முடித்துவிட்டு, அதன் பிறகு அவர் வாழ்ந்த 22 ஆண்டுகளை இரண்டு வரியில் கடந்துவிடுகின்றன. அப்படிக் கடக்கப்பட்டவற்றில் எனக்கு மிகவும் நெருக்கமானது 1970-இல் வந்த இந்தப் படம். ஆகவே பதில் கொஞ்சம் நீளும்.

படத்துக்குப் பின்னால் உள்ள வரலாற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் பார்த்தால் பாதிப் படம் கண்ணில் படாது. 1941-இல் ஹிட்லர் சோவியத் யூனியன்மீது படையெடுத்தபோது முசோலினியும் தன் பங்குக்குப் படை அனுப்பினார். அடுத்த ஆண்டு கோடைக்குள் அது சுமார் 2,30,000 பேர் கொண்ட முழு ராணுவமாக வளர்ந்து டான் நதிக்கரையில் போய் நின்றது. 1942 டிசம்பரில் சோவியத் படை அந்த அணியை உடைத்தது. வண்டி இல்லை, எரிபொருள் இல்லை, அந்தக் குளிருக்கு ஏற்ற பூட்ஸ்கூட இல்லை. பனியில் நடந்தே பின்வாங்கினார்கள். ஏறத்தாழ 85,000 பேர் வீடு திரும்பவில்லை. சிறைப்பட்டவர்களிலும் சுமார் 10,000 பேர்தான் போர் முடிந்த பிறகு வந்து சேர்ந்தார்கள். மற்றவர்கள் எங்கே விழுந்தார்கள், எந்த முகாமில் இறந்தார்கள் என்று பல ஆண்டுகளாக யாருக்கும் தெரியாது. இறப்புச் சான்றிதழ் வரவில்லை, உடலும் வரவில்லை. அரசுக் காகிதத்தில் இருந்தது 'காணவில்லை' என்ற ஒரே சொல். ரஷ்யாவில் இன்னும் நம் ஆட்கள் உயிரோடு இருக்கிறார்கள் என்ற பேச்சு இத்தாலியத் தேர்தல் மேடை வரைக்கும் போனது.

'சன்ஃப்ளவர்' படத்தில் ரயில் நிலையத்தில் புகைப்படத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிற பெண்கள் இந்தப் படத்துக்காக உருவாக்கப்பட்டவர்கள் இல்லை. கைதிகளை ஏற்றிவந்த ரயில்களின் எதிரே உண்மையாகவே அப்படி நின்றார்கள். "இவனைப் பார்த்தீர்களா, எந்தப் பிரிவு, எங்கே கடைசியாக?" என்று இறங்குகிற ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். டி சிகாவின் நாயகி ஜோவன்னா அந்தக் கூட்டத்தில் ஒருத்தி.

கதை எளிது. நேப்பிள்ஸ் பெண்ணான ஜோவன்னாவாக சோஃபியா லாரன். வடக்கிலிருந்து வந்த சிப்பாய் அன்டோனியோவாக மார்செல்லோ மாஸ்ட்ரோயானி. ஆப்பிரிக்கப் போர்முனைக்குப் புறப்படவேண்டியவன், திருமணம் செய்துகொண்டால் 12 நாள் விடுப்பு கிடைக்கும் என்று அவளை மணக்கிறான். விடுப்பு முடிந்ததும் போருக்குப் போகாமல் தப்பிக்கப் பைத்தியம்போல நடிக்கிறான். பிடிபடுகிறான். தண்டனை ரஷ்யா. வரும்போது உனக்கு ஒரு ரோம ஆடை கொண்டுவருகிறேன் என்று மிலான் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகிறவன், திரும்பவில்லை. போர் முடிகிறது, ஆண்டுகள் ஓடுகின்றன. ஸ்டாலின் இறந்து கதவு கொஞ்சம் திறந்ததும் ஜோவன்னா ஒரு புகைப்படத்தோடு ரஷ்யாவுக்குத் தனியாகப் போகிறாள். அவன் உயிரோடு இருப்பதைக் கண்டுபிடிக்கிறாள். பனியில் செத்துக்கொண்டிருந்தவனை இழுத்துவந்து பிழைக்கவைத்த மாஷா என்ற பெண்ணோடு, ஒரு மகளோடு, இன்னொரு வாழ்க்கையில் இருக்கிறான்.

கட்டுரைத் தலைப்பில் சொன்ன இடம் இங்கேதான் வருகிறது. மாஷாவின் வீட்டுக்குள் ஜோவன்னா நுழைகிறாள். ஒருத்திக்கு ரஷ்ய மொழி தெரியாது, மற்றவளுக்கு இத்தாலிய மொழி அரைகுறை. யார் யார் என்று இருவருக்கும் புரிந்துவிட்டது. ஆனால் பேச வார்த்தை இல்லை. அப்போது ஜோவன்னாவின் பார்வை கட்டிலுக்குப் போகிறது. அங்கே இரண்டு தலையணைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கின்றன. கேட்கவேண்டிய கேள்விகள் எல்லாவற்றுக்கும் அதிலேயே விடை இருக்கிறது.

முதல் முறை இந்தப் படத்தைப் பார்த்தபோது நான் அதைக் கவனிக்கவே இல்லை. லாரனின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பல ஆண்டுகள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவோடு உட்கார்ந்து பார்த்தேன். மொழி புரியாததால் அம்மா வசன எழுத்துகளைப் பார்க்கவில்லை, பொருள்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தக் காட்சி வந்ததும் மெதுவாக, "தலையணை இரண்டு இருக்கிறது, பார்" என்றார். என் உடம்பு சிலிர்த்துவிட்டது. டி சிகாவைப் பற்றி நான் அதுவரை படித்த எதுவும் அந்த ஒரு வாக்கியத்தின் அளவுக்கு எனக்கு உதவவில்லை.

ஏனென்றால் 'பைசிக்கிள் தீவ்ஸ்' படத்தின் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். சுவரொட்டி ஒட்டும் வேலை கிடைத்திருக்கிறது, அதற்கு சைக்கிள் வேண்டும், சைக்கிளோ அடகில் இருக்கிறது. மனைவி மரியா சட்டென்று எழுந்து கட்டிலில் இருந்த விரிப்புகளை உருவி எடுக்கிறாள், துவைக்கிறாள், மூட்டையாகக் கட்டி அடகுக் கடைக்குக் கொண்டுபோகிறாள். கடைக்காரர் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு அலமாரிமேல் ஏறுகிறார். ஏறுகிறார், இன்னும் ஏறுகிறார். அண்ணாந்து பார்த்தால் கூரைவரைக்கும் அதேபோன்ற மூட்டைகள். ரோம் நகரில் எத்தனை வீடுகளில் விரிப்பில்லாமல் படுக்கிறார்கள் என்பதை யாரும் வாய் திறந்து சொல்லவில்லை. அந்த அலமாரி சொல்லிவிடுகிறது. 1948-இல் விரிப்பைக் காட்டியவர்தான் 1970-இல் தலையணையைக் காட்டுகிறார். அங்கேயும் கதாநாயகன் பெயர் அன்டோனியோ. இரண்டு படங்களுக்கும் எழுத்தில் கைகொடுத்தவர் செசாரே சவாட்டினி. இரண்டும் தேடல் கதைகள். ஒருவன் ஒரு நகரம் முழுவதும் ஒரு சைக்கிளைத் தேடுகிறான். ஒருத்தி ஒரு நாடு முழுவதும் ஒரு மனிதனைத் தேடுகிறாள். கடைசியில் இருவரும் தேடலின் முனைவரை போயும் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். அங்கே திருடன் அகப்படுகிறான், ஆனால் அவனும் வலிப்பு நோயோடு ஓர் ஏழை வீட்டில் கிடப்பவன். இங்கே கணவன் அகப்படுகிறான். யாரைக் குற்றம் சொல்வது? டி சிகாவின் படங்கள் அத்தனையிலும் என்னை விடாமல் பிடித்து உலுக்குகிற கேள்வி இதுதான்.

அவருடைய பாதையையும் கேட்டிருந்தீர்கள். 1901-இல் சோரா என்ற ஊரில் பிறந்தவர், சிறுவயதின் ஒரு பகுதி நேப்பிள்ஸில் வளர்ந்தவர். அப்பா உம்பெர்ட்டோ வங்கி ஊழியர், சம்பளத்தில் குடும்பம் நடத்தத் திண்டாடியவர். 1930-களில் டி சிகா இத்தாலியின் காதல் கதாநாயகன். மரியோ கமெரினியின் 1932 படத்தில் அவர் பாடிய ஒரு பாட்டு நாடு முழுவதும் முணுமுணுக்கப்பட்டது. அந்த அழகான முகத்தைக் கொண்டே அவர் காலம் தள்ளியிருக்கலாம். 1940-இல் இயக்கத்துக்கு வந்தார். சவாட்டினியோடு சேர்ந்த பிறகு ஆளே மாறிப்போனார். 'ஷூ ஷைன்' 1946, 'பைசிக்கிள் தீவ்ஸ்' 1948, 'மிராக்கிள் இன் மிலான்' 1951, 'உம்பெர்ட்டோ டி' 1952. முதல் இரண்டுக்கும் ஆஸ்கர் குழு சிறப்பு விருது கொடுத்தது. மூன்றாவது கான் விழாவில் முதல் பரிசு பெற்றது. 1952-இல் பம்பாயில் தொடங்கிச் சென்னை உட்பட நம் நகரங்களுக்கு வந்த முதல் சர்வதேசத் திரைப்பட விழாவில் இவற்றில் சில படங்களைப் பார்த்துத்தான் இந்தியத் திரைக்கலைஞர்கள் பலர் தெருவுக்கு இறங்கிப் படமெடுக்கலாம் என்ற துணிச்சலைப் பெற்றார்கள்.

'உம்பெர்ட்டோ டி'யை அவர் தன் அப்பாவுக்குக் காணிக்கையாக்கினார். ஓய்வூதியம் போதாத ஒரு முதியவரும் அவருடைய நாயும், அவ்வளவுதான் கதை. அந்த முதியவராக நடித்தவர் ஃப்ளோரன்ஸைச் சேர்ந்த ஒரு மொழியியல் பேராசிரியர். இத்தாலியில் படம் ஓடவில்லை. அதோடு நிற்கவில்லை. அப்போது அரசில் துணைச் செயலாளராக இருந்த, பிற்காலத்தில் பலமுறை பிரதமரான ஜூலியோ ஆண்ட்ரியோட்டி ஒரு பகிரங்கக் கடிதம் எழுதினார். இதுதான் இத்தாலி என்று உலகம் நம்பினால் டி சிகா தாய்நாட்டுக்குச் செய்திருப்பது மோசமான சேவை என்பது அதன் சாரம். போட்ட பணம் போனது, மேலிடத்தின் முகமும் சுளித்தது. அதன் பிறகு அப்படியொரு படத்துக்குப் பணம் போட யார் வருவார்கள்? 'அவர் ஏன் வணிகப் படங்களுக்குப் போனார்' என்று எளிதாகக் கேட்பவர்கள் இந்த இடத்தைத் தாண்டிக் கேட்கவேண்டும்.

பிறகு அவர் நிறைய நடித்தார், மற்றவர்கள் படங்களில், நல்லதும் கெட்டதுமாக. சூதாட்டப் பழக்கம் இருந்தது, அதில் இழந்ததும் நிறைய. 1954-இல் 'கோல்ட் ஆஃப் நேப்பிள்ஸ்' படத்தில் பீட்சா விற்கும் பெண்ணாக சோஃபியா லாரனை நிறுத்தினார். போட்ஸ்வோலி என்ற பக்கத்து ஊரில் பசியோடு வளர்ந்த பெண்ணையும் நேப்பிள்ஸில் வளர்ந்த இந்த மனிதரையும் அந்த மண் சேர்த்து வைத்தது. மொத்தம் எட்டுப் படங்களில் அவர் லாரனை இயக்கினார். அவற்றில் 'டூ விமன்' லாரனுக்குச் சிறந்த நடிகைக்கான ஆஸ்கரை வாங்கித் தந்தது. ஆங்கிலம் அல்லாத மொழியில் நடித்து அந்த விருதைப் பெற்ற முதல் ஆள் அவர். லாரன், மாஸ்ட்ரோயானி ஜோடியை வைத்து 1963-லும் 1964-லும் டி சிகா எடுத்த இரண்டு நகைச்சுவைப் படங்கள் உலகெங்கும் ஓடின. 'சன்ஃப்ளவர்' அந்த ஜோடியை அவர் இயக்கிய மூன்றாவது படம். சிரிக்க வந்த பார்வையாளரை முதல் அரைமணி நேரம் சிரிக்கவைத்துவிட்டு, பிறகு பனிக்குள் இறக்கிவிட்டார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். இரண்டு வீடுகளுக்கு நடுவே நிற்கிற ஒரு மனிதனின் முகம் எப்படி இருக்கும் என்று டி சிகாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நடிகை ஜுதித்தா ரிஸ்ஸோனேவை மணந்து ஒரு மகள். பிறகு ஸ்பானிய நடிகை மரியா மெர்காதெரோடு இன்னொரு குடும்பம், இரண்டு மகன்கள். இத்தாலியில் அப்போது விவாகரத்துச் சட்டமே இல்லை. 1968-இல் பிரெஞ்சுக் குடியுரிமை பெற்று மெர்காதெரை மணக்கும்வரை ஏறத்தாழ கால் நூற்றாண்டு இரண்டு வீட்டுக்கும் நடந்தார். புத்தாண்டு இரவில் ஒரு வீட்டில் கடிகாரத்தைத் திருத்தி வைத்து இரண்டு வீட்டிலும் நள்ளிரவுக் கொண்டாட்டத்தில் இருந்தார் என்று அவருடைய மகன் கிறிஸ்டியான் சொல்லியிருக்கிறார். அந்தத் திருமணம் முடிந்த இரண்டு ஆண்டுகளுக்குள் வந்த படம் இது. அன்டோனியோவை அவர் ஏன் ஓர் இடத்தில்கூட வில்லனாக்கவில்லை என்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நினைக்கிறேன்.

குறைகள் இல்லையா? இருக்கின்றன. திருமணத்துக்குப் பிந்தைய நாட்களில் 24 முட்டையை உடைத்து ஆம்லெட் போட்டு, தின்ன முடியாமல் தின்கிற காட்சியை நான் ரசிப்பேன், ஆனால் அந்தப் பகுதி முழுவதும் வேறொரு படத்திலிருந்து வந்ததுபோல இருக்கும். மாஸ்கோ காட்சிகளில் கொஞ்சம் சுற்றுலா வாடை அடிக்கிறது. கேமரா அடிக்கடி திடீரென முகத்தை நோக்கிப் பாய்கிறது. அந்தக் காலத்து வழக்கம் அது, இன்று உறுத்தும். இசை சில இடங்களில் நம்மை விட அதிகமாக அழுகிறது. ஹென்றி மான்சினியின் அந்த மெட்டு தனியாகக் கேட்டால் அற்புதம், ஆஸ்கருக்கும் பரிந்துரைக்கப்பட்டது. ஆனாலும் நிலையத்தில் பெண்கள் படத்தை நீட்டிக்கொண்டு நிற்கும் இடத்தில் எனக்கு இசையே வேண்டாம்.

இத்தனை குறைகளையும் ஒரே காட்சிக்காக நான் மன்னிப்பேன். ஜோவன்னாவை ஒரு சோவியத் அதிகாரி சூரியகாந்தி வயலுக்கு அழைத்துப்போகிறார். கண்ணுக்கெட்டிய தூரம்வரை மஞ்சள். ஒவ்வொரு செடிக்கும் கீழே இத்தாலியச் சிப்பாய்களும் ரஷ்யர்களும் புதைந்திருக்கிறார்கள். கிராமத்து விவசாயிகள், கிழவர்கள், பெண்கள், குழந்தைகளும். அவர்களுடைய குழியை ஜெர்மானியர்கள் அவர்களையே வெட்டவைத்தார்கள் என்கிறார் அந்த அதிகாரி. படம் ஓட ஆரம்பிக்கும்போதும் பெயர்கள் இந்த வயலின்மேல்தான் வந்தன. அப்போது அது வெறும் அழகாக இருந்தது. இப்போது அதே பூக்களைப் பார்க்க முடியவில்லை. ஒளிப்பதிவாளர் ஜுசெப்பே ரொத்துன்னோ அந்த மஞ்சளைச் சிறிதும் மங்கவிடவில்லை. நல்ல வெயிலில், முழு வண்ணத்தில், ஒரு மாபெரும் கல்லறை. 'பைசிக்கிள் தீவ்ஸ்' அடகுக் கடை அலமாரி நினைவுக்கு வருகிறதா? ஒருவரின் துயரத்தைக் காட்டிக்கொண்டே இருந்துவிட்டு, கேமராவைச் சற்றே விலக்கி, இதுபோல எத்தனை என்று காட்டுவது அவர் வழக்கம்.

அந்த வயல் உக்ரைனில் படமாக்கப்பட்டது. சோவியத் மண்ணில் படப்பிடிப்புக்கு மேற்கத்தியர்களுக்கு அனுமதி கிடைப்பதே அரிதான காலம் அது. ஜப்பானில் இந்தப் படத்துக்கு ஆரம்பத்திலிருந்தே தனி இடம் உண்டு. 2022-இல் உக்ரைன்மீது ரஷ்யா படையெடுத்தபோது ஜப்பானியத் திரையரங்குகள் இதை மறுபடியும் திரையிட்டன, சில இடங்களில் வசூலில் ஒரு பங்கை உக்ரைன் மக்களுக்கு அனுப்பினார்கள். 50 ஆண்டு பழைய ஒரு காதல் படத்தின் வயல் மறுபடியும் செய்தியானது.

கண்டுபிடித்த பிறகு என்ன நடக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன், முடிவு தெரிந்தால் கெட்டுப்போகிற படம் இல்லை இது. மாஷா அவளை ரயில் நிலையத்துக்கு அழைத்துப்போகிறாள். வேலை முடிந்து இறங்குகிற கூட்டத்தில் அன்டோனியோ. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கிறார்கள். ஜோவன்னா நகரத் தொடங்கிய ரயிலில் தாவி ஏறிவிடுகிறாள். அடக்கமுடியாமல் அழுகிறாள், ரஷ்யப் பயணிகள் என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். சில காலம் கழித்து அன்டோனியோ மிலானுக்கு வருகிறான். அதற்குள் அவளும் இன்னொருவரோடு வாழ்கிறாள். புயல் இரவு, மின்சாரம் போய்விட்டது. இருட்டில்தான் சந்திக்கிறார்கள். குரல் மட்டும் இருக்கும்வரை அவர்கள் பழைய ஜோவன்னாவும் அன்டோனியோவும்தான். மெழுகுவர்த்தி ஏற்றியதும் வயது தெரிகிறது. பனியில் தான் செத்துப்போனதாகவும் அந்த வீட்டில் வேறொருவனாகக் கண் விழித்ததாகவும் அவன் விளக்கப் பார்க்கிறான். உள்ளே குழந்தை அழுகிறது. பெயர் அன்டோனியோ. தனக்காக வைத்த பெயரா என்று கேட்கிறான். இல்லை, புனித அந்தோனியாருக்காக என்கிறாள். தமிழ்நாட்டில் அந்தோனியார் கோவில் இருக்கிற எந்த ஊர்க்காரருக்கும் தெரியும், காணாமல் போனதைக் கண்டுபிடித்துத் தருகிறவர் அவர். அந்தப் பதிலில் இருக்கிற பொய்யையும் உண்மையையும் லாரன் ஒரே மூச்சில் சொல்கிறார். ரோம ஆடையையும் கொண்டுவந்திருக்கிறான்.

அதே ஆண்டிலேயே 'தி கார்டன் ஆஃப் தி ஃபின்ஸி-கான்டினிஸ்' வந்தது. பெர்லின் திரைப்பட விழாவின் முதல் பரிசான தங்கக் கரடி, பிறகு ஆஸ்கர். அப்போது விமர்சகர்கள் 'டி சிகா திரும்பிவிட்டார்' என்று எழுதினார்கள். அவர் எங்கும் போயிருக்கவில்லை. 1973-இல் 'எ பிரீஃப் வெகேஷன்'. மிலான் தொழிற்சாலையில் உழைத்து நுரையீரல் கெட்டுப்போன ஒரு தெற்கத்திப் பெண், மலைச் சானடோரியத்தில் வாழ்க்கையில் முதல்முறையாக ஓய்வையும் காதலையும் அறிகிறாள். அதையும் சவாட்டினி எழுதினார். 'சன்ஃப்ளவர்' பிடித்திருந்தால் அடுத்ததாக அதைத்தான் பாருங்கள். லாரனோடு ரிச்சர்ட் பர்ட்டன் நடித்த 'தி வாயேஜ்' அவருடைய கடைசிப் படம். 1974 நவம்பர் 13-ஆம் தேதி பாரிஸ் அருகே இறந்தார். அப்போது வயது 73.

படம் முடிந்த அன்று அம்மா கேட்ட கேள்வியை இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். லாரனைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த ரஷ்யப் பெண் ஏன் அவனை இத்தாலிக்குப் போகவிட்டாள்?" என்றார். மாஷாவாக நடித்த லுட்மிலா சவேலியேவாவுக்கு வசனம் மிகக் குறைவு. பாலே பயின்றவர் என்பதால் நிற்பதிலும் திரும்புவதிலுமே பேசுவார். தன் வீட்டு வாசலில் வந்து நிற்கிறவள் யார் என்று தெரிந்ததும் அவர் கதவை மூடவில்லை. உள்ளே அழைத்தார், நிலையத்துக்கு வழிகாட்டினார், பிறகு கணவனை அவளிடம் போய்வரவும் விட்டார். அவன் திரும்பி வராமலும் போகலாம் என்பது அவருக்குத் தெரியாதா என்ன? மிலான் நிலையத்தில், முன்பு போருக்கு வழியனுப்பிய அதே இடத்தில், ஜோவன்னா இரண்டாம் முறை அவனை ரயிலேற்றி விடுகிறாள். அந்த ரயில் போய்ச் சேருகிற ஊரில் இன்னொருத்தி காத்திருக்கிறாள் என்பதை நான் அம்மா கேட்ட பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். நீங்கள் பார்க்கும்போது மாஷாவின் முகத்தை விட்டுவிடாதீர்கள்.